விளையாடுபவனை எங்கே இருத்துகிறார்கள்?

சென்ற தவணை விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன்னர் எங்கள் பாடசாலை ஆசிரியர் ஓய்வறையில் ஒரு விவாதம் நிகழ்ந்தது. மாணவரிடையே பரவியுள்ள கணினி விளையாட்டு மோகமே விவாதப் பொருள். மூத்த ஆசிரியர் ஒருவர், "இதுகள் எல்லாம் பிள்ளையளைக் கெடுக்கிற சாமான். ஒண்டும் மிச்சம் விடாமல் தடைசெய்ய வேணும்" என்றார். அண்மையில் நியமனம் பெற்று வந்த இளைஞர் ஒருவர், "விளையாட்டு விளையாட்டுத்தானே சேர், அதுக்குள்ளயும் போய் நல்லது கெட்டது பாக்கிறதோ?" என்று சிரித்தார். இருவரும் நேரெதிரான கட்சியினர்போலத் தோன்றினும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டிருந்தனர். இவ்விளையாட்டுகள் சிந்தித்தற்குரியன அல்ல என்பதே அது. ஒருவர் சிந்திக்காமலே வெறுக்கிறார்; மற்றவர் சிந்திக்காமலே இரசிக்கிறார். இவ்விரு சாராரையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற காலந்தொட்டு இற்றைவரை இவ்விளையாட்டுகளை ஆடிவருபவன் நான். தமிழ்ப் பட்டதாரி ஒருவன் எழுதத்தக்க விடயமா இது என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். நாவல் தமிழுக்கு வந்தபோதும் இவ்வாறே முகஞ்சுளித்தனர். சினிமா வந்தபோதும் சுளித்தனர். கிராமத்து நாட்டுக்கூத்தைக் கற்றோர் பலர் இழிவாகக் கருதியிருந்த நிலையில், 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோதுதான் பலருக்குக் கண் திறந்தது. கோடிக்கணக்கான இளைஞர் நாள்தோறும் பல மணிநேரம் ஈடுபடும் ஒன்றைப் பற்றி விமர்சகன் வாய் திறவாதிருப்பானாயின், அது விமர்சனத்தின் தூய்மையைக் காப்பதாகாது, கடமையிலிருந்து தப்பியோடுவதாகும்.

ஆயின், எந்த உரைகல்லைக் கொண்டு இவற்றை உரைத்துப் பார்ப்பது? காட்சி எத்துணை அழகு, ஒலி எத்துணை நுட்பம், எத்தனை மணிநேரம் ஆடலாம் என்பனவே இன்று வழங்கும் அளவுகோல்கள். இவை சந்தைக்காரனின் அளவுகோல்கள். என்னுடைய உரைகல் வேறு. நாவலில் நாம் கொலைகாரனைப் பார்க்கிறோம். அவனை வெறுக்கிறோம், அல்லது அவன்மீது இரங்குகிறோம். விளையாட்டிலோ விசையை அழுத்துவது நமது விரல். அங்கு நாம் வாசகர் அல்லர், பாத்திரமே நாம்தான். ஆகவே ஒரு விளையாட்டைப் பற்றி முதலிற் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: அது நம்மை எந்த இடத்தில் இருத்துகிறது? அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது எது தெரிகிறது, எது மறைகிறது?

இக்கேள்வியை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் ஒருவன். யுத்தம் முடிந்த 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பிறந்தவன், கெட்டிக்காரன். 2007 இல் வெளியான 'கோல் ஒவ் டியூட்டி 4: மொடர்ன் வோர்பெயர்' என்ற விளையாட்டை மடிக்கணினியில் எனக்கு ஆடிக் காட்டினான். அதில் ஒரு கட்டம் உண்டு. அமெரிக்கப் போர்விமானம் ஒன்றில் பீரங்கியை இயக்குபவனாக ஆடுபவன் அமர்த்தப்படுகிறான். கீழே நள்ளிரவு. உடல்வெப்பத்தைக் காட்டும் கருவியின்வழி நிலம் கரியதாகவும் மனிதர் வெண்புள்ளிகளாகவும் தெரிகின்றனர். விமானத்திலுள்ளோர் அலுவலகத்திற் கணக்குப் பார்ப்போர்போல அமைதியாகப் பேசிக்கொள்கின்றனர். தேவாலயத்தைச் சுடாதே, மின்னும் விளக்கணிந்த நம்மவரைச் சுடாதே என்பனவே கட்டுப்பாடுகள். ஏனைய புள்ளிகள் அணைக்கப்படவேண்டியவை.

"பாருங்கோ சேர், கீழ ஓடுற வெள்ளைப் புள்ளியள் எல்லாம் எதிரியள். ஒண்டும் தப்பேலாது" என்றான் பையன்.

நான் ஒன்றுஞ் சொல்லவில்லை. 1990களின் நடுப்பகுதியில், எட்டு வயதுச் சிறுவனாக, பனங்குற்றி அடுக்கி மண்மூடிய பதுங்குகுழிக்குள் தாயின் மடியில் முகம் புதைத்து விமானத்தின் இரைச்சலைக் கேட்டவன் நான். விமானத்திலிருந்து நோக்கின் நான் எவ்வாறு தோன்றியிருப்பேன் என்பதை அன்றுதான் கண்டேன். ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பெயர் இல்லை; பள்ளிக்கூடம் இல்லை; மடியில் வைத்திருந்த தாயும் இல்லை.

அவ்விளையாட்டை ஆக்கியோர் திறமையற்றவர் என்று யாரும் கூறமுடியாது. தொலைவிலிருந்து கொல்லும் நவீன யுத்தத்தின் கொடுங்குளிரை இத்துணைத் துல்லியமாகக் காட்டிய நாவல்கள் சிலவே. சிலர், அது யுத்தத்தை விமர்சிப்பதற்காகவே அவ்வாறு அமைக்கப்பட்டது என்றும் வாதிப்பர். அவ்வாறாயின், கீழே அவ்வூரில் யார் வாழ்ந்தனர் என்பதை ஒரு கணமேனும் காட்டியிருக்கலாமன்றோ? ஓர் அடுப்பை, ஒரு கொடியில் உலரும் துணியை, விழித்துக்கொண்ட ஒரு குழந்தையைக் காட்டியிருக்கலாமன்றோ? காட்டவில்லை. கட்டம் முடிந்ததும் ஆடுபவன் அடுத்த துப்பாக்கியைப் பெறுகிறான்.

இதே தொடரில் 2019 இல் வெளிவந்த விளையாட்டு இதனினும் ஒருபடி மேலே சென்றது. கற்பனை நாடொன்றில் 'மரண நெடுஞ்சாலை' என ஒரு பாதையை அமைத்து, அதிலே தப்பியோடியோரைக் குண்டுவீசிக் கொன்றவர் இரஷ்யர் என்று கூறியது. அப்பெயர் பெற்ற பாதை மெய்யாகவே உண்டு. குவைத்திலிருந்து இராக்கின் பஸ்ராவை நோக்கிச் செல்லும் பாதை அது. 1991 பெப்ரவரியில் அங்கு பின்வாங்கிச் சென்ற வாகனத் தொடர்மீது குண்டு பொழிந்தவை அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படையின் விமானங்கள். பெயரை எடுத்துக்கொண்டு பழியைப் பிறன் தலையிற் கட்டுவது கற்பனைச் சுதந்திரமா? வரலாற்றுப் பாடம் நடத்தும் என் சகபாடி ஒருவர் வகுப்பில் இவ்வாறு செய்தால் அவருக்கு விளக்கம் கோரிக் கடிதம் வரும். இலட்சக்கணக்கான இளைஞருக்கு அதே பாடத்தை நடத்தும் விளையாட்டுக்கோ விருதும் விற்பனையும் வருகின்றன.

"சுடுவதுதானே விளையாட்டின் இயல்பு? தொடக்கத்திலிருந்தே அப்படித்தானே?" என்பார் உளர். தொடக்கத்தையே பார்ப்போம். 1978 இல் யப்பானிய நிறுவனமான டைட்டோவுக்காக டொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' சுடும் விளையாட்டுகளுக்கெல்லாம் மூதாதை எனத்தக்கது. அதில் மேலிருந்து வரிசை வரிசையாக இறங்குவோர் வேற்றுக்கிரகப் பிராணிகள். ஏன் தெரியுமா? மனிதரைச் சுடுவதாக விளையாட்டு அமைவது தகாது என்று அன்று கருதப்பட்டது. இலாபத்துக்காகவே இயங்கிய ஒரு நிறுவனத்தினுள்ளும் அந்த நாணம் இருந்தது. அவ்விளையாட்டின் மற்றொரு நயமும் கூறத்தக்கது. பிராணிகள் குறையக் குறைய எஞ்சியவை விரைந்து நகரும். அது முன்கூட்டித் திட்டமிட்டதன்று. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்தபோது அக்காலத்துக் கணினியின் பளுவும் குறைந்து வேகம் தானாகக் கூடிற்று. ஆக்கியோன் அதனை விலக்காது வைத்துக்கொண்டான். கருவியின் குறையையே கலையின் பயனாக்கியவன் மெய்யான கைவினைஞன்.

நாணம் நீங்கிய பின் என்ன நேர்ந்தது என்பதற்கு மற்றொரு சான்று. 2002 ஜூலை 4 இல், தனது சுதந்திர தினத்தன்று, அமெரிக்க இராணுவமே 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. நோக்கம் ஒளிவுமறைவற்றது: இளைஞரைப் படையிற் சேர்ப்பது. இருபது ஆண்டுகள் நடந்து 2022 இலேயே அது மூடப்பட்டது. அதனுள் ஒரு தந்திரம் இருந்தது. இரு அணிகள் மோதும்போது ஒவ்வோர் அணியும் தன்னை அமெரிக்கப் படையாகவே காணும். எதிரணி மட்டும் பகைவனின் உடையில் தோன்றும். மறுபக்கத்தில் ஆடுபவனும் அவ்வாறே காண்பான். ஆக, எவனும் எக்காலத்திலும் எதிரியின் இடத்தில் நிற்கமாட்டான். யுத்தப் பிரசாரம் என்பதன் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக யாராலும் வரைய இயலாது.

இவ்வளவும் கூறியபின், "அப்படியென்றால் தடைதானே சரி?" என்று மூத்த ஆசிரியர் கேட்பார். இல்லை ஐயா. தடையை வேண்டுவோர் அடுத்த இரு விளையாட்டுகளையும் சற்றே பொறுமையுடன் நோக்க வேண்டும்.

போலந்தின் தலைநகரான வார்சோவைச் சேர்ந்த '11 பிட்' என்ற நிறுவனம் 2014 இல் 'திஸ் வோர் ஒவ் மைன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1992 முதல் 1996 வரை முற்றுகையிடப்பட்ட சரயேவோ நகரின் அனுபவம் அதற்கு ஊற்று. இங்கே ஆடுபவன் போர்வீரன் அல்லன். இடிந்த வீடொன்றில் ஒதுங்கியுள்ள ஒரு சமையற்காரன், ஒரு பத்திரிகையாளர், ஒரு பந்தாட்டக்காரன் ஆகியோரின் உயிர் அவன் கையில் ஒப்படைக்கப்படுகிறது. பகலில் மறைந்திருந்து சுடுவோருக்கு அஞ்சி வெளியே செல்ல இயலாது. இரவில் ஒருவர் சென்று உணவும் மருந்தும் தேட வேண்டும். நகரின் ஒரு மூலையில் முதிய தம்பதியர் வாழும் வீடு ஒன்று உண்டு. அங்கே உணவு இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அவர்களிடம் ஆயுதம் இல்லை. எடுத்துக்கொள்வதைத் தடுக்க எவருமில்லை.

நான் எடுத்தேன். என் வீட்டில் ஒருவர் நோயுற்றிருந்தார். திரும்பிவந்தபின் என் பாத்திரங்கள் மனமுடைந்து ஒடுங்கிவிட்டன. எந்தத் தண்டனையும் எனக்கு விதிக்கப்படவில்லை. எந்த உபதேசமும் வரவில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில், ஒரு போத்தல் மண்ணெண்ணெயைப் பங்கிடுவதற்கு எங்கள் குடும்பமும் அயற்குடும்பமும் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. யுத்தம் என்பது துப்பாக்கி பிடித்தவனின் கதை மட்டுமன்று; நல்லவரையும் களவெடுக்க வைக்கும் பசியின் கதை அது. இந்த விளையாட்டைப் பாடசாலை மாணவருக்கான பரிந்துரை வாசிப்புப் பட்டியலிற் சேர்க்கப்போவதாக 2020 இல் போலந்துப் பிரதமர் அறிவித்தார். அந்நாட்டு அரசின் ஏனைய கொள்கைகள் எவ்வாறாயினும், இவ்விடயத்தில் எங்கள் ஆசிரியர் ஓய்வறையைவிட அது முன்னே சென்றுவிட்டது.

மற்றையது, லூக்காஸ் போப் என்பவர் 2013 இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், பிளீஸ்'. அர்ஸ்டொட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லையில், கண்ணாடிச் சாளரத்தின் பின்னால் அமர்ந்து கடவுச்சீட்டுப் பரிசோதிக்கும் சிற்றதிகாரி நீங்கள். பிழையின்றிப் பரிசோதிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் 5 நாணயம் கூலி. பிழைவிட்டால் இருமுறை எச்சரிக்கை, பின்னர் தண்டம். வீட்டில் மனைவி, மகன், மாமியார், சிறிய தந்தை ஆகியோர் குளிரிலும் பசியிலும் காத்திருக்கின்றனர். ஒருநாள் ஒரு கணவன் வருகிறான்; அவனுடைய பத்திரங்கள் சரி. பின்னால் அவன் மனைவி வருகிறாள். அவளிடம் அனுமதிப்பத்திரம் இல்லை. இரக்கங் காட்டினால் கூலி குறையும். முத்திரையை எங்கே குத்துவது?

அடையாள அட்டையைக் கையிற் பிடித்துக்கொண்டு, தந்தையின் பின்னால் வரிசையில் நின்று, சோதனைச் சாவடியின் சாளரத்தை அண்ணாந்து நோக்கியவர்கள் எம்மிற் பலர். அச்சாளரத்தின் மறுபுறத்தில் என்னை இருத்திய முதலாவது கலைப்படைப்பு இதுதான். அங்கே அமர்ந்தவுடன் நான் அவனை மன்னித்துவிடவில்லை. ஆனால் அவனை அங்கே இருத்திய ஏற்பாடு கண்ணுக்குப் புலனாயிற்று. தலைக்கு 5 நாணயம் என்று கூலி வகுத்தவன் எவனோ, அவனே அந்த மனைவியைத் திருப்பியனுப்பினான். முத்திரையைக் குத்திய கை மட்டுமே சிற்றதிகாரியுடையது. தனிமனிதனின் தீமைக்குப் பின்னால் நிற்கும் அமைப்பைக் காட்டுவதே யதார்த்த இலக்கியத்தின் பணி என்று வகுப்பறையில் எத்தனையோ தடவை கூறியிருக்கிறேன். அதை இத்துணைத் தெளிவாக உணர்த்தியது, பழுப்பு நிறத்தில் வரையப்பட்ட எளிய படங்களைக் கொண்ட இவ்விளையாட்டே.

அந்நியரின் விளையாட்டுகளைக் குறைகூறும் நாம் நமது பெருமையைத் தடவிக்கொடுக்கும் விளையாட்டு வந்தால் என்ன செய்கிறோம்? 1999 இல் தோன்றிய 'ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் 2' என்ற விளையாட்டுக்கு 2022 இல் இந்திய அரச வமிசங்கள்பற்றிய ஒரு புதிய பகுதி வெளிவந்தது. அதில் திராவிடர் என்றோர் இனம் சேர்க்கப்பட்டது. சுருள்வாள் வீரரும் பெருங்கப்பல்களும் அவர்களுக்கு உரியன. இராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை நாமே நடத்தலாம். மாணவர் துள்ளிக் குதித்தனர். எனக்கும் மகிழ்ச்சியே, மறைக்கவில்லை. ஆயின் அதே உரைகல்லை இங்கும் வைக்கவேண்டும். இவ்விளையாட்டில் நாம் அமரும் இடம் மேகத்தின் மேலுள்ள மன்னனின் இடம். ஓர் உழவனின் விலை 50 உணவு. அவன் இறந்தால் மணி ஒலிப்பதில்லை. இன்னொரு 50 கொடுத்து மற்றொருவனைப் பெறலாம். மரம் வெட்டியவன், பொன் அகழ்ந்தவன், மதில் கட்டியவன் எவனுக்கும் பெயரில்லை. சோழன் வென்றான் என்று கூச்சலிடும் நம் பிள்ளைகளில் எத்தனை பேரின் மூதாதையர் சிம்மாசனத்தில் இருந்தனர், எத்தனை பேரின் மூதாதையர் அந்த 50 உணவுக்கு உழைத்தனர்? விமானத்திலிருந்து பார்த்தபோது புள்ளியாகத் தெரிந்தது மனிதன் என்றால், அரண்மனையிலிருந்து பார்க்கும்போது எறும்பாகத் தெரிபவனும் மனிதனே. நம்மவனின் அரண்மனை என்பதற்காக இக்கேள்வியைக் கைவிடுவோமாயின், நமது விமர்சனம் வெறும் இனப்பற்றாகச் சுருங்கிவிடும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "எல்லா விளையாட்டும் பிரசங்கமாக இருக்கவேண்டுமா? கலை கலைக்காக இருக்கக் கூடாதா?" பழைய கேள்வி, புதிய உடையில் வந்திருக்கிறது. என் விடை 'டெட்ரிஸ்'. 1984 இல் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் அலெக்சி பஜித்நோவ் என்பவர் அதனை ஆக்கினார். அவருடைய கணினிக்குப் படம் வரையத் தெரியாது. அடைப்புக்குறிகளை அடுக்கியே கட்டங்களைக் காட்டினார். நான்கு சதுரங்கள் சேர்ந்த ஏழு வடிவங்கள் விழுகின்றன, நாம் அடுக்குகிறோம். இதில் எந்தச் செய்தியும் இல்லை. எவரையும் அது ஏமாற்றவும் இல்லை. உனக்கு நேர்ந்த தோல்வி உன் கையால் நேர்ந்தது. காசு கொடுத்து அதை மாற்ற முடியாது. ஒழுங்கைத் தேடும் மனித மனத்தின் இன்பத்தை அது மதிக்கிறது. இதனை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆடுபவனின் புத்தியை மதிக்கும் எந்த விளையாட்டும் என் பகையன்று.

எரிக் பரோன் என்ற இளைஞர் நான்கு ஆண்டுகளுக்கு மேலாகத் தனியொருவராக உழைத்து 2016 இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வலி'யையும் விரும்பி ஆடினேன். நகரத்துப் பெருநிறுவனமொன்றின் மேசையை விட்டு ஒருவன் பாட்டனின் தோட்டத்துக்குத் திரும்புகிறான். உழைப்பின் அமைதி அதில் உண்டு. ஆனால் கமக்காரனின் மகனான எனக்கு ஒரு சிரிப்பும் வந்தது. அந்தத் தோட்டத்தின் வாசலில் கடன்காரன் நிற்பதில்லை, இடைத்தரகன் விலையை அடிப்பதில்லை, பசளைக்கு வரிசையில்லை. கமம் செய்யாதவன் காணும் கமத்தின் கனவு அது. கனவு காண்பது குற்றமன்று. கனவென்று தெரிந்து காணவேண்டும்.

நான் ஒரு துளியும் மன்னிக்காத வகை ஒன்று உண்டு. அது ஆடுபவனை எந்தக் கதாபாத்திரமாகவும் இருத்துவதில்லை. வாடிக்கையாளனாக மட்டுமே இருத்துகிறது. ஆடுவது இலவசம் என்று கூறி உள்ளே அழைத்து, பின்னர் மூடிய பெட்டிகளை நீட்டுகிறது. உள்ளே என்ன உண்டு என்பது திறந்த பின்னரே தெரியும். திறக்கக் காசு வேண்டும். உதைபந்தாட்ட விளையாட்டான 'பீஃபா'வில் இவ்வாறே வீரர் அட்டைப் பொதிகள் விற்கப்பட்டன. இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018 இல் முடிவுசெய்தது. அந்நாட்டில் அவ்விளையாட்டுக்கான நாணய விற்பனை 2019 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. பெல்ஜியச் சிறுவனுக்குச் சூதாட்டமானது எங்கள் ஊர்ச் சிறுவனுக்கு மட்டும் விளையாட்டாகுமா? கூலிவேலை செய்யும் தந்தையொருவரின் கைத்தொலைபேசியிலிருந்து இரண்டு வாரச் சம்பளம் இவ்வாறு கரைந்ததை என் வகுப்பிலேயே கண்டேன். அந்தத் தந்தை மகனை அடித்தார். அடி வாங்கவேண்டியவர்கள் கடல்கடந்த கட்டடங்களில் குளிரூட்டிய அறைகளில் இருந்தனர்.

முடிவாக என் சக ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். தடைசெய்வதற்கு முன் ஒருமுறை ஆடிப் பாருங்கள். ஆடிக் களிப்போருக்கும் ஒன்று சொல்வேன். களிப்பதற்கு முன் நீங்கள் எங்கே அமர்த்தப்பட்டுள்ளீர்கள் என்று குனிந்து பாருங்கள். இக்கலைபற்றித் தமிழில் காத்திரமான விமர்சனம் வளரவேண்டும். அது வளராதவரை, எங்கள் பிள்ளைகளுக்கு உலகத்தைப் பார்க்கக் கற்பிக்கும் வேலையை விற்பனையாளரே செய்துகொண்டிருப்பர்.

அந்த மாணவனுக்கு அன்று நான் சொல்லாத விடையை அடுத்த வாரம் வேறுவிதமாகச் சொன்னேன். முற்றுகையிடப்பட்ட நகரத்தின் விளையாட்டை அவனிடம் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து வந்தான். முதியவர்களின் வீட்டுக்குச் சென்றானா என்று கேட்டேன். தலையைக் குனிந்தான். சற்றுநேரம் கழித்து, "சேர், நீங்கள் சின்னப் பிள்ளையா இருக்கேக்க பங்கருக்குள்ள இருந்தனீங்களோ?" என்று கேட்டான்.

பதினாறு வயதுவரை அவன் எவரிடமும் கேட்டிராத கேள்வி அது. அன்று மாலை பாடசாலை முடிந்த பின்னும் நாங்கள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.